நெமிலிச்சேரியில் ஒரு நகை ஏலம்

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் நகை ஏல அறிவிப்பை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. கிளையின் பெயர், அதன் கீழே கடன் எண்கள், மறுபடி ஒரு கிளை, மறுபடி எண்கள். அப்படி ஒரு பக்கத்தில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று மேற்குப் பாதை ஊர்கள் வரிசையாக இருந்தன. ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் நடக்கும் வைர ஏலங்களின் பட்டியல்களை நான் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். ஒரு கல்லைக் கையில் வாங்கி, அதன் ஊரும் வயதும் சொல்லி, விலை குறிக்கிற ஏல நிபுணர்களின் தொழில்மீது எனக்குத் தீராத ஈடுபாடு. அதே வேலை நம் பக்கத்தில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட நெமிலிச்சேரிக்குக் கிளம்பினேன்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் திருவள்ளூர் லோக்கல் நின்றிருந்தது. காலை நேரத்தில் நகரத்தை விட்டு வெளியே போகிற வண்டி என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேசின் பாலம், பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் பட்டரவாக்கத்திலும் அம்பத்தூரிலும் இறங்கிவிட, வண்டி காலியானது.

இந்தத் தண்டவாளத்துக்கும் வைரத்துக்கும் ஓர் உறவு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து இந்த வழியாகத்தான் வாலாஜா ரோடு வரை ஓடியது. ஆற்காட்டுக்குப் போகிற ரயில் அது. வாலாஜா என்பது ஆற்காட்டு நவாப் முகமது அலியின் பட்டப்பெயர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டிக்கொண்டு சென்னையிலேயே வாழ்ந்த அந்த நவாப், 1777-ல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வைரங்களைப் பரிசாக அனுப்பினார். அவற்றில் பேரிக்காய் வடிவில் இருந்த இரண்டு கற்கள்தான் உலக ஏலச் சந்தையில் இன்றும் 'ஆற்காடு வைரங்கள்' என்று பேசப்படுகின்றன. ஒன்று 33.70 காரட், மற்றது 23.65 காரட்.

அரசிக்கு வைரம் அனுப்பிய அந்த நாளிலேயே நவாப் கழுத்தளவு கடனில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களே அவருக்கு வட்டிக்குக் கொடுத்து, வட்டிக்கு வட்டி ஏற்றி, வரி வசூலையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கடன் கணக்கின் அக்கிரமத்தைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் பேசினார். 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும், கடனை அடைக்கச் சேப்பாக்கம் அரண்மனையும் ஏலத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆற்காட்டுக்கு ரயில் விட்டபோது அந்த ஊருக்கு நவாப் இல்லை.

கற்களின் கதை இன்னும் நீளம். சார்லட் அரசி இறந்த பின் அவை லண்டன் நகை வணிகர்களிடம் போயின. 1837-ல் ஏலத்துக்கு வந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு எடுத்தார். அவர் வழியில் வந்தவர்கள் 1930-ல் ஒரு தலையணியில் இரண்டையும் பதித்துக்கொண்டார்கள். 1959-ல் வாரிசு வரி கட்டுவதற்காக அந்தக் குடும்பம் தலையணியை சதபீஸ் ஏலத்துக்கு விட, நியூயார்க்கின் ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுண்டுக்கு எடுத்தார். கல்லைப் பிரித்து, பட்டை திருத்தி, இரண்டையும் தனித்தனியே விற்றார். சிறிய கல் பிறகு கத்தார் அரச குடும்பத்து அல் தானியின் தொகுப்புக்குப் போய், 2019 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய 'மகாராஜாக்களும் முகலாய மகத்துவமும்' ஏலத்தில் வந்தது. அப்போது அதன் எடை 17.21 காரட். விலை 33,75,000 டாலர். அந்த ஒரே ஏலத்தின் மொத்த வசூல் சுமார் 10 கோடியே 90 லட்சம் டாலர்.

23.65 காரட் 17.21 ஆனதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். இன்னும் பளிச்சென்று மின்ன வேண்டும் என்பதற்காக, நவாப் கையில் இருந்த வடிவத்தை இழைத்துத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் பெயர் நிலைத்தது. யார் கொடுத்தார், யார் அணிந்தார், எந்த ஏலத்தில் யார் எடுத்தார் என்ற ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்கிறது. அதை எழுத்தில் வைத்திருப்பதுதான் ஏல நிபுணரின் வேலையில் பாதி.

மறுபாதி கண். நிபுணரிடம் ஒரு குடும்பம் நகைப் பெட்டியோடு வருகிறது. அவர் பத்து மடங்கு லென்ஸில் பார்க்கிறார். பட்டை எந்தக் காலத்தது, கட்டடம் எந்த ஊர்க் கையால் ஆனது, திருகு மாற்றப்பட்டதா, ஒரு கல் மட்டும் புதிதாகச் செருகப்பட்டதா என்று தேடுகிறார். ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று வாங்குகிறார். நைட்ரஜன் கலவாத, நீர்த்துளி போன்ற 'டைப் டூ ஏ' வகைக் கல் என்று சான்று வந்து, வரலாறும் ஒத்துப்போனால் 'கோல்கொண்டா' என்ற சொல் பட்டியலில் ஏறும். பிறகு குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு மதிப்புகளைக் குறிப்பார். 'இதற்குக் கீழே போனால் விற்பதில்லை' என்ற தொகையை விற்பவரும் அவரும் மட்டும் அறிந்திருப்பார்கள். அந்த மதிப்பையே சரித்திரம் தூக்கி எறிந்த நாள்களும் உண்டு. 2018 நவம்பரில் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்தின் முத்துப் பதக்கம் ஜெனீவாவில் சதபீஸ் ஏலத்துக்கு வந்தது. பத்து முதல் இருபது லட்சம் டாலர் போகும் என்று குறித்திருந்தார்கள். 3 கோடியே 60 லட்சம் டாலரில் முடிந்தது. முத்துக்காக மட்டும் யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள்.

ஆவடி தாண்டி இந்து கல்லூரி, பட்டாபிராம். 2024-ல் திறந்த 21 மாடி டைடல் பூங்கா தூரத்திலேயே தெரிந்தது. அடுத்த நிறுத்தம் நெமிலிச்சேரி. இறங்கி வெளியே வந்தால் திருவள்ளூர் நெடுஞ்சாலை. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலை இங்கேதான் அதைக் கடக்கிறது. அந்தச் சாலை வந்த பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் புது மனைப் பிரிவுகள், மனை வாங்கியவர்கள் எழுப்பும் வீடுகள், வீடு எழுப்பும் அவசரத்துக்கு நகைக் கடன் கொடுக்கும் கிளைகள். அடித்தளம் போட்டு மேல்தளக் கான்கிரீட் போடும் நாளில் கையில் காசு தட்டினால், பீரோவைத் திறப்பதுதான் இங்கே வழக்கம். பெரும்பாலோர் திருப்பிவிடுகிறார்கள். சிலருடையது மூழ்கிப்போகிறது.

ஏலம் நடந்த கிளையின் பெயர் வேண்டாம். மாடியில் ஒரு கூடம், பத்துப் பதினைந்து நாற்காலி, மின்னணுத் தராசு. சௌகார்பேட்டையிலிருந்தும் ஆவடியிலிருந்தும் தங்க வியாபாரிகள் வந்திருந்தார்கள். முன்பணத்துக்கு வரைவோலை, பான் அட்டை, ஜிஎஸ்டி பதிவு எல்லாம் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். பார்வையாளனாக உட்கார எனக்கு மேலாளர் அனுமதி கொடுத்தார்.

பட்டியலில் ஐந்து பத்திகள். கடன் எண், நகையின் வகை, மொத்த எடை, நிகர எடை, டச் என்கிற பொன்னின் தரம். ஜெனீவாப் பட்டியலில் ஒரு மோதிரத்துக்கு இரண்டு பக்கம் எழுதுவார்கள். இங்கே ஒரு குடும்பத்துத் தாலிக்கொடிக்கு ஒரு வரி. குறையாக இதைச் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்கக் கடன் விதிகள் அடகு வைத்தவரைக் காப்பதில் கவனமாகத்தான் இருக்கின்றன. முதல் ஏலம் கடன் கொடுத்த கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நேரடியாக நடக்க வேண்டும். அடிப்படை விலை நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85. கடன் போக மிச்சம் வந்தால் ஏழு வேலை நாளுக்குள் உரியவரிடம் சேர்க்க வேண்டும். ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு: நகையில் உள்ள பொன்னுக்கு மட்டுமே மதிப்பு, கற்களுக்குக் கிடையாது.

இந்த விதியின் காரணம் எனக்குப் புரிகிறது. தங்கத்துக்குத் தினம் ஒரு விலை இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் அதே விலை. வைரத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரே எடையுள்ள இரண்டு கற்களின் விலை பத்து மடங்கு வேறுபடலாம். இப்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வந்துவிட்டது. அதற்கென ஒரு தேசிய ஆராய்ச்சி மையத்தையே 2023-ல் மத்திய அரசு சென்னை ஐஐடிக்கு, 242 கோடி ரூபாய் ஒதுக்கித் தந்தது. வெறும் கண்ணால் அதைப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு கிளையிலும் கல்லுக்கு மதிப்புப் போடச் சொன்னால் ஏமாற்று பெருகும். அதனால் விதி நியாயமானது. அந்த நியாயத்தின் அடியில் என்ன நசுங்குகிறது என்பதை அன்று பார்த்தேன்.

ஏலத்துக்கு முன் நகைகளைப் பார்க்க வியாபாரிகளுக்கு நேரம் கொடுத்தார்கள். மேசையின் பின்னால் மதிப்பீட்டாளர் இருந்தார். அறுபதைத் தொட்டவர், மூன்று தலைமுறை நகை ஆசாரிக் குடும்பம், பட்டறையை மூடிவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். உரைகல், சிறு குப்பிகளில் ஆசிட், வெள்ளிக் கைப்பிடி போட்ட பழைய லென்ஸ். பக்கத்தில் அவரிடம் வேலை பழகும் ஒரு பெண். திருநின்றவூர்க்காரி, பி.காம் முடித்தவர்.

ஒரு உறையைப் பிரித்தபோது ஆசாரி கை நின்றது. ஏழு கல் தோடு, ஒரு ஜோடி. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. தோட்டின் முகம் அழுக்கேறி மங்கியிருந்தது. அவர் வேட்டி நுனியால் துடைத்து ஜன்னல் பக்கம் சாய்த்தார். வெயில் பட்டதும் கற்களில் நீலம் ஓடியது.

"புளூ ஜாகர் சார்," என்றார். "எங்க அப்பா காலத்துல வந்த கல்லு. இப்போ எங்கே போய்த் தேடுறது?"

தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தில் கிடைத்த கற்களால் வந்த பெயர் அது. 1870-ல் முதல் வைரம் கிடைத்த அந்தச் சுரங்கம் 1971-ல் மூடப்பட்டது. பகல் வெளிச்சத்திலேயே மெல்லிய நீலம் காட்டுவது அந்தக் கல்லின் குணம். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டு உள்ளிருந்து ஒளிர்வதால் வருவது. உலகச் சந்தை அந்த ஒளிர்வைப் பல காலம் குறையாக எண்ணி விலையைக் குறைத்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அதைத்தான் தேடி வாங்கினார்கள். நம் பாட்டிகளின் ரசனை அதில் முந்திக்கொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

லென்ஸை என்னிடம் நீட்டினார். நடுக்கல்லின் மேல்முகம் சிறியது, தோள் உயரம். கல்லின் நட்டநடுவில் ஊசி முனையளவு ஒரு வட்டம், ஓட்டை விழுந்ததுபோலத் தெரிந்தது. கல்லின் அடிமுனையைக் கூராக்காமல் தட்டையாக வெட்டிவிடும் பழைய ஐரோப்பியப் பட்டையின் அடையாளம் அது. மின்சார விளக்குக்காக வெட்டிய இன்றைய கற்களில் அது இருக்காது. பின்புறம் மூடிய கட்டடம், சுரையில் கையால் போட்ட மரை. ஒரு கல் மட்டும் பின்னால் மாற்றியது என்று ஆசாரி விரல் வைத்துக் காட்டினார். அதில் நீலம் இல்லை, நடுவட்டமும் இல்லை. ஜெனீவாவில் ஒரு நிபுணர் இதே தோட்டைப் பார்த்தாலும் இவ்வளவையும்தான் சொல்வார். சொல்லின் வரிசைகூட மாறாது.

கல்லின் குற்றம் பார்க்கிற கண் தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்து மதுரையில் மணிகள் விற்கும் தெருவைக் கோவலன் சுற்றிப் பார்க்கும் இடத்தில், ஏகை, களங்கம், விந்து, காகபாதம் என்று வைரத்தின் குற்றங்கள் பெயரோடு வருகின்றன. அமெரிக்காவில் ஜிஐஏ என்னும் ரத்தினவியல் கழகம் 1931-ல் தோன்றி, கல்லின் தெளிவைப் படிகளாக வகுத்து உலகுக்கே அளவுகோல் கொடுத்தது. அந்த அளவுகோல் பார்ப்பதும் கீறலையும் புள்ளியையும் கறையையும்தான்.

தோட்டின் விவரம் பட்டியலில் இப்படி இருந்தது: தோடு ஒரு ஜோடி, மொத்த எடை 9.1 கிராம், கழிவு 1.3, நிகர எடை 7.8. அந்தக் கழிவில் அரக்கோடு சேர்ந்து பதினான்கு வைரங்களும் அடக்கம். கல்லின் குறுக்களவை வைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 சென்ட், ஆக மொத்தம் மூன்றரை காரட். ஒரு காரட் 0.2 கிராம். வைரங்களின் மொத்த எடை வெறும் 0.7 கிராம். தராசுக்கு அது தூசி.

"நான் பார்த்ததை எழுத இந்தத் தாள்ல இடமில்லை சார்," என்றார் ஆசாரி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு முழுத் தொழிலின் இழப்பு அந்த வாக்கியத்தில் இருந்தது. எழுத இடமிருக்கும் நாட்டில் அவர் நிபுணர். இங்கே கழிவுக் கணக்குப் போடுகிறவர்.

ஏலம் வேகமாக முடிந்தது. தங்கத்தின் அன்றைய விலை எல்லோருக்கும் மனப்பாடம், கிராமுக்குப் பத்து இருபது ரூபாய் ஏற்றத்தில் ஒவ்வொரு உறையும் கை மாறியது. தோட்டைச் சௌகார்பேட்டை வியாபாரி ஒருவர் எடுத்தார். பொன்னை உருக்கிவிட்டுக் கல்லைத் தனியாக விற்பார். நவாபின் கல்லை ஹாரி வின்ஸ்டன் பிரித்ததுபோலத்தான். ஆனால் பிரித்த பிறகு இந்தத் தோடு இருந்ததற்குச் சாட்சி இருக்காது, எந்த வீட்டுக் கல்யாணத்துக்குச் செய்தது என்று சொல்ல ஒரு வரி இருக்காது. தமிழ்நாட்டின் அடகுக் கூடங்கள் வழியாகச் செட்டிநாட்டுக் கழுத்திரு முதல் கமலம் வைத்த பேசரி வரை எத்தனையோ கைவேலைகள் இப்படித்தான் உருகிப் போகின்றன. பொன் திரும்ப வரும், வேறு வளையலாக. வேலைப்பாடு வராது.

நான் ஆசைப்படுவது பெரிய விஷயமல்ல. தங்க விலை தாண்டி மதிப்புள்ள பழைய நகை ஒன்று அடகுக் கூடத்துக்கு வந்தால், உருக்குவதற்கு முன் அதைக் கண்டுபிடித்து, படமெடுத்து, விவரம் எழுதி, உரியவரிடம் 'இதை இப்படி விற்காதீர்கள், சரியான ஏலத்துக்கு அனுப்பலாம்' என்று சொல்ல ஆள் வேண்டும். பழைய நகைகளுக்கென்றே ஏலம் நடத்தும் சாஃப்ரன்ஆர்ட், அஸ்டாகுரு போன்ற நிறுவனங்கள் மும்பையில் இருக்கின்றன. சென்னைப் பக்கத்தில் கல் இருக்கிறது, கண் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற தொழில்முறை நிபுணர்கள் போதவில்லை.

கூடம் காலியாகும்போது இதையெல்லாம் ஆசாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் திருநின்றவூர்ப் பெண் கேட்டார்: "சார், நீங்க சொன்ன அந்த வேலைக்கு என்ன படிக்கணும்? எங்களை மாதிரி ஆளுங்களை எடுப்பாங்களா?"

தெரிந்ததைச் சொன்னேன். ஜிஐஏ மும்பையில் ரத்தினவியல் பட்டயம் நடத்துகிறது. லண்டனின் ஜெம்-ஏ 1908-லிருந்தே இந்தப் படிப்பைத் தருகிறது. செலவு அதிகம், ஆனால் பகுதி பகுதியாகப் படிக்கலாம். படித்ததும் யாரும் நிபுணர் ஆகிவிடுவதில்லை. ஏல நிறுவனத்தில் முதலில் பட்டியல் தயாரிக்கும் வேலைதான் தருவார்கள். எடை போடுவது, அளவெடுப்பது, நகையின் பின்புறத்து முத்திரையைப் படிப்பது, பழைய பட்டியல்களில் அதே நகை எப்போதாவது வந்ததா என்று தேடுவது. ஆண்டுகள் கழித்து மதிப்புக் குறிக்கும் உரிமை வரும். அதன் பிறகு குடும்பங்களிடம் பேசி நகையை ஏலத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு. மும்பை நகை வணிகக் குடும்பத்திலிருந்து போன ராகுல் கடாகியா கிறிஸ்டீஸின் உலகளாவிய நகைப் பிரிவுக்கே தலைவரானார். ஆற்காட்டு வைரம் விற்ற 2019 ஏலம் அவர் தலைமையில் நடந்ததுதான். ஆசாரியிடம் நீங்கள் கற்கிற உரைகல்லும் திருகும் கட்டடமும் எந்த வகுப்பிலும் இந்த அளவுக்குக் கற்றுத்தர மாட்டார்கள், அதை விட்டுவிடாதீர்கள் என்றேன். முதல் வேலையாகப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

தோட்டை எடுத்த வியாபாரி பணம் கட்டிவிட்டு ரசீதுக்குக் காத்திருந்தார். பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் திரும்பினார். பிரிப்பதற்கு முன்னால் தோட்டைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண் கேட்க, உறையை அவரே பிரித்துக் கொடுத்தார். முன்பக்கம், பின்பக்கம், திருகு, மாற்றிய அந்த ஒரு கல். ஆசாரி பட்டையின் பெயரைச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

"பழைய கல்லு எங்க கடைக்கு மாசாமாசம் வருதும்மா," என்றார் வியாபாரி. "பொட்டலம் பொட்டலமா இருக்கு. ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம் இருக்காது. லென்ஸ் வாங்கிட்டு வா, நூறு கல்லு காட்டுறேன். எது எந்தக் காலத்துதுன்னு நீ பிரிச்சுச் சொல்லு, ஐயாவும் கூட வரட்டும்."

அந்தப் பெண் கடையின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, வெளிச்சம் எந்த நேரத்தில் நன்றாக இருக்கும், காலையிலா மதியத்திலா என்று ஆசாரியைக் கேட்டார்.

"காலையில பத்து மணி," என்றார் ஆசாரி. "வடக்குப் பார்த்த ஜன்னல் இருக்கான்னு அவரைக் கேளு."